வகுப்பின் பெயரைப் பார்த்து மகளைத் திருப்பி அழைத்துவிடாதீர்கள்

சென்ற சனிக்கிழமை குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வேலூருக்கு வந்திருந்தது. தந்தை சிறிய அளவில் கைலி உற்பத்தி செய்பவர். தாய் வீட்டுக் கணக்கையும் தறிக் கணக்கையும் சேர்த்தே பார்ப்பவர். மகள் பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த பருவத்திற்கு அவள் எடுத்திருக்கும் விருப்பப் பாடத்தின் பெயர் 'மனிதப் பாலியல்'. கட்டண ரசீதோடு வந்த பாடப்பட்டியலை அவளுடைய பெரியப்பா மகன் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அன்று இரவே ஆம்பூரிலிருந்து பெரியப்பாவும் ஆரணியிலிருந்து அத்தையும் அழைத்துவிட்டார்கள். "புள்ளைய உடனே கூட்டிட்டு வந்துடு, ஒரு வருஷம் நீட் கோச்சிங்ல உட்கார வை" என்பது பெரியப்பாவின் முடிவு. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மார்க் ஷீட்டைக் கேட்டா என்னத்தக் காட்டுவ?" என்பது அத்தையின் கேள்வி.

முதல் பத்து நிமிடம் நானும் எல்லோரையும் போல ஆறுதல்தான் சொன்னேன். பதற வேண்டாம், இது பல நாடுகளில் சாதாரணமாகக் கற்பிக்கப்படும் பாடம் என்றேன். தந்தை தலையாட்டினார், ஆனால் அவர் கை மட்டும் சட்டைப் பையில் இருந்த நீட் பயிற்சி மைய விளம்பரத் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறுதல் பயன்படாது, வாதிடத்தான் வேண்டும் என்று அப்போது புரிந்தது. அன்று சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து, இதே கவலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பாடத்தை எடுக்கவில்லை. அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நோட்டை நீங்கள் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தீர்கள். அந்தப் பாடத்தைப் படித்து முடித்த சீனியர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை நான்கு பக்கத்திற்கு எழுதி வைத்திருந்தாள். பாடத்தை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு பிரிவுகளாக நடத்துகிறார்கள் என்பதால் பக்கத்தின் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று பிரித்திருந்தாள். இருபது வயதுப் பெண் இவ்வளவு நிதானமாக ஒரு முடிவை எடுப்பதை என் அனுபவத்தில் அதிகம் பார்த்ததில்லை.

அந்தக் கருத்துகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "மிஸ் ரொம்ப ஃப்ரெண்ட்லி", "மார்க் அள்ளிப் போடுவாங்க" என்பவற்றை முதலில் அடித்துவிட வேண்டும். அவை ஆசிரியரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லும் வரிகளைத்தான் தேட வேண்டும். இடப்பக்கத்து ஆசிரியையைப் பற்றி அப்படி மூன்று வரிகள் கிடைத்தன. பெயர் எழுதாமல் கேள்வியைப் போட ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தார். அடுத்த வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் அந்தச் சீட்டுகளுக்கே போகும் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். எங்கள் சொந்தக் கதையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை, யாராவது சொல்லத் தொடங்கினாலும் வகுப்புக்குப் பிறகு தனியே வரச் சொல்லிவிடுவார் என்கிறாள் இன்னொருத்தி. ஒரு மாணவன், எளிதாக மதிப்பெண் வாங்கலாம் என்று நினைத்துச் சேர்ந்ததாகவும், கருத்தடை முறைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கே இரண்டு வாரம் படிக்க வேண்டியிருந்ததாகவும் குறைப்பட்டிருக்கிறான். இந்தக் குறை எனக்கு நற்சான்றாகவே தெரிகிறது.

வலப்பக்கம் வேறு விதமாக இருந்தது. அந்த ஆசிரியர் நகைச்சுவையாகப் பேசுவார், வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்று மாணவர்கள் புகழ்ந்திருந்தார்கள். ஆனால் அதே பக்கத்தின் அடியில், முன்வரிசைப் பெண்கள் மூன்றாவது வாரத்திலிருந்து கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று ஒருத்தி சொன்னது பதிவாகியிருந்தது. வேறொரு ஆண்டில் படித்த இன்னொருத்தியும் ஏறத்தாழ அதையே சொல்லியிருந்தாள். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே குறையைச் சொன்னால் அதைத் தள்ளிவிடக் கூடாது. எனவே இதில் நான் உங்கள் மகளிடமும் கண்டிப்பாகவே சொன்னேன்: இடப்பக்கத்துப் பிரிவில் இடம் கிடைத்தால் சேர், இல்லையென்றால் அடுத்த ஆண்டு வரை பொறுத்திரு. இந்தப் பாடத்தில் ஆசிரியர் யார் என்பது பாதிப் பாடம்.

இது மேல்நாட்டிலிருந்து வந்த கெட்ட பழக்கம் என்று பெரியப்பா சொன்னதாகக் கூறினீர்கள். அங்கேயும் இது எளிதாக வந்துவிடவில்லை. 1938-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில், திருமணம் ஆனவர்களுக்கும் ஆகப்போகிறவர்களுக்கும் முறையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடம் வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தது மாணவியர் சங்கம். அதை நடத்த முன்வந்த ஆல்ஃபிரட் கின்ஸி, குளவி வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த விலங்கியல் பேராசிரியர். மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நம்பகமான விடை எந்த நூலிலும் இல்லை என்று கண்டு, அவர்களிடமே கேட்டுத் தகவல் திரட்டத் தொடங்கினார். எதிர்ப்பு வலுத்தபோது, 1940-இல், வகுப்பா ஆராய்ச்சியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க நிர்வாகம் சொல்ல, அவர் வகுப்பை விட்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கல்யாணத்திற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்ட பெண்பிள்ளைகளால் பிறந்த பாடம் இது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1986 பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் சேகரித்த இரத்த மாதிரிகளோடு இரவு ரயிலில் காட்பாடிக்கு வந்து இறங்கினார். அந்த மாதிரிகளை அதுவரை தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைத்திருந்தார். சோதித்துப் பார்க்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது தெரியவந்தது அப்படித்தான். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் இந்த ஆய்வை அவருக்குக் கொடுத்தபோது முதலில் தயங்கியவர் நிர்மலா. அவரை ஊக்கப்படுத்தி ரயிலேற்றி அனுப்பியவர் கணவர். ஒரு பெண் இந்தத் துறைக்குள் காலெடுத்து வைக்கும்போது வீட்டார் நடந்துகொள்ள வேண்டிய முறை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நீட் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உங்கள் மகள் மருத்துவம் வேண்டாம் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். விருப்பமில்லாத பிள்ளையை, மூன்று பருவக் கட்டணத்தை வீணாக்கி, ஓராண்டு பயிற்சி மையத்தில் உட்கார வைப்பது அவளுடைய வயதையும் உங்கள் பணத்தையும் ஒருசேரத் தொலைப்பதாகும். அரசு இடம் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் சேர்க்க மனைப் பத்திரத்தை அடமானம் வைப்பேன் என்றீர்கள். வைக்காதீர்கள். இரண்டு தறிக்காரக் குடும்பங்களுக்குக் கூலி கொடுக்கும் முதல் அந்தப் பத்திரத்தின் பலத்தில்தான் நிற்கிறது. இன்னொன்றையும் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்: நீட் பாடத்திட்டத்திலேயே மனித இனப்பெருக்கமும் இனப்பெருக்க நலனும் இருக்கின்றன. டாக்டராக வேண்டுமானால் படிக்கலாம், ஆலோசகராக வேண்டுமானால் படிக்கக் கூடாது என்பது நியாயமில்லை.

"இப்போதைக்கு பி.இ. சேரட்டும், உளவியலை அஞ்சல் வழியில் பிறகு படித்துக்கொள்ளலாம்" என்று தாய் ஒரு நடுவழி சொன்னார். அந்த வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் இடத்தை ஏற்கனவே கையில் வைத்திருக்கும் பெண் அதை விடக் கூடாது.

மருத்துவ உளவியலாளராகும் பாதையை உங்கள் மகளே நன்றாக அறிந்திருக்கிறாள். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் அதன் பதிவும் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. கல்லூரியின் பெயர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் எங்கும் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது யாரும் கேட்காத இன்னொரு வழியை: சமூகப்பணி முதுநிலையில் (எம்.எஸ்.டபிள்யூ.) மருத்துவ, மனநலச் சிறப்புப் பிரிவு. எம்.எஸ்.டபிள்யூ. என்றாலே தொழிற்சாலையின் மனிதவளத் துறை என்று நம் பக்கத்தில் நினைத்துவிடுகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகள் அப்படி நம்மைப் பழக்கிவிட்டன.

இரண்டாண்டுப் படிப்பு இது. எந்த இளநிலைப் பட்டமும் போதும் என்றாலும் உளவியல் படித்து வருகிறவர்கள் ஒரு படி முன்னால் நிற்பார்கள். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் சமூகப்பணித் துறை இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து ரயிலேறினால் எட்டும் தூரம். சென்னை எழும்பூரில் 1952-இலிருந்து இயங்கும் சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. எங்கு விண்ணப்பித்தாலும் அந்த ஆண்டு இந்தச் சிறப்புப் பிரிவு நடக்கிறதா என்று துறையிலேயே நேரில் கேளுங்கள். இந்தப் படிப்பின் உயிர் களப்பணி. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் வகுப்பில் இருக்க மாட்டார்கள். மருத்துவமனையிலோ மனநல மையத்திலோ குழந்தைகள் இல்லத்திலோ இருப்பார்கள். பார்த்ததையும் பேசியதையும் அன்றன்று எழுதி, மறுவாரம் ஆசிரியர் முன் உட்கார்ந்து, எங்கே தவறாகப் பேசினோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் அறையைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பலகை மாட்டிய அறையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டக்கூடிய ஓர் அலமாரி, விளக்கப் படங்கள் கொண்ட அட்டைத் தொகுப்பு, ஆணுறை அணியும் முறையைக் காட்ட ஒரு மர மாதிரி. கர்ப்பிணிகள் வருவார்கள், லாரி ஓட்டுநர்கள் வருவார்கள், கல்யாணம் நிச்சயமான பையன் தனியாக வந்து வாசலிலேயே நிற்பான். இரத்தம் எடுப்பதற்கு முன்னால் சம்மதம் கேட்க வேண்டும், முடிவை வெளியே சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தொற்று ஏற்பட்ட உடனே சோதித்தால் தெரியாமல் போகலாம், சில வாரம் கழித்து மறுபடி வர வேண்டும் என்பதை, வந்தவர் பயந்து ஓடிவிடாதபடி சொல்ல வேண்டும். கூச்சத்தைக் கடக்காத ஒருவரால் அந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார முடியாது. உங்கள் மகள் எடுத்திருக்கும் பாடம் அந்தக் கூச்சத்தைக் கடப்பதற்கான பயிற்சி.

நம்பிக்கை மையம் மட்டுமல்ல. வளரிளம் பருவத்தினருக்காக மத்திய அரசு 2014-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் மருத்துவமனைகளில் ஆலோசனைப் பிரிவுகள் இருக்கின்றன. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைக்கு விசாரணை முடியும்வரை ஓர் உதவியாளரை அமர்த்த போக்சோ விதிகள், 2020 வழி செய்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் மகளிருக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் சமூகப்பணி படித்தவர்களைத் தேடுகின்றன. சம்பளத்தை மறைத்துச் சொல்ல மாட்டேன்: பல வேலைகள் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவை, மென்பொருள் நிறுவனம் கொடுப்பதை இவை கொடுக்காது. ஆகவே கடன் வாங்கிப் படிக்கும் படிப்பு அல்ல இது. முதுநிலைக்கு வெளிநாடு போகலாம் என்று உங்கள் மகள் மெல்லக் கேட்டாள். கல்விக்கடனில் வேண்டாம் என்று அவளிடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

இந்த ஆட்கள் இல்லாத இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பேருந்து நிலையச் சுவரில், மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்ற சுவரொட்டிகள். இளம் வயதில் செய்த தவறால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்தி, இயல்பான உடல் மாற்றத்தை நோயாக்கி, பொடியும் லேகியமும் விற்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பாலிடெக்னிக் மாணவன் தேர்வுக் கட்டணத்தை அங்கே கொடுத்துவிட்டு வந்தவன். அவன் கேட்ட கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்லியிருக்கலாம்; சொல்ல அவன் ஊரில் ஆள் இல்லை.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த இரு பெண்களின் வழக்கில் தீர்ப்பளித்தார். தன்பாலின ஈர்ப்பைப் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்புக்கு முன்பே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே தேவைப்பட்ட பாடத்தை உளவியல் படிக்கும் மாணவி படிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

அத்தைக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். நான் இத்தனை ஆண்டுகளில் பருவ மதிப்பெண் பட்டியலைக் கேட்ட சம்பந்தியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஒரு வீடு கேட்டு, இந்த ஒரு வரிக்காக வேண்டாம் என்றால், அந்த வீட்டில் உங்கள் மகள் வாழ வேண்டாம். இதை அவரிடம் தாயே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் வாக்குவாதமாகும், அவர் சொன்னால் அத்தை கேட்பார்.

விருப்பப் பாடத்தை உறுதி செய்யும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று மகள் சொன்னாள். இடப்பக்கத்து ஆசிரியையின் பிரிவில் இடமிருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் அவளே கேட்டுவிட்டு உங்களுக்கு அழைப்பாள். இருந்தால், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அன்றே போட்டு அனுப்பிவிடுங்கள். பையிலிருந்த அந்த விளம்பரத் தாளை அவள் கண்ணில் படும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். அன்று நீங்கள் அதை எடுத்தபோதெல்லாம் அவள் நோட்டை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.