'ரகசிய இடங்கள்' பேக்கேஜ்: அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நான்கு நாள் காரில் போய்வர நினைக்கிறோம். நான், மனைவி, பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். 'கூட்டம் போகாத, வித்தியாசமான இடங்கள்' என்று ஒரு டிராவல்ஸ் பேக்கேஜ் விளம்பரம் பார்த்தோம். தலைக்கு 11,500 ரூபாய். எந்தெந்த இடம் என்று கேட்டால், அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் சொல்வார்களாம். கட்டலாமா?
– அம்பத்தூர் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். பட்டியல் கையில் இல்லாமல் பணம் கொடுத்தால், நாளைக்கு 'சொன்ன இடத்தைக் காட்டவில்லை' என்று புகார் செய்யவே வழியில்லை. எந்த இடத்தைச் சொன்னார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காதே! இடங்கள், தங்கும் விடுதி, சாப்பாடு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும் என்ற நான்கும் எழுத்தில் வந்தால் யோசிக்கலாம்.

ஆனால் அந்த வழியில் ரகசியம் என்று எதுவுமே இல்லை. பெரம்பலூருக்கு முன்பே நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடி கோட்டை நிற்கிறது. ஆயிரக்கணக்கான கார்கள் நிற்காமல் கடந்துபோகும் இடம். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய வாலிகண்டபுரம் போர் இந்தப் பகுதியில்தான் நடந்தது. பெரம்பலூர் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரமாக இருந்த இடத்தில் புதைந்து கல்லாகிப்போன அடிமரம், 18 மீட்டர் நீளம். பார்க்க அதிக நேரம் ஆகாது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கதையைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'இவ்வளவுதானா?' என்பார்கள்.

திருச்சிக்கு அப்புறம்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நேராகப் புதுக்கோட்டை சாலையில் போனால் நார்த்தாமலை வரும். பாறை மேல் ஏறினால் விஜயாலய சோழீச்சரம் என்ற பழைய சிவன் கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். நிழலே கிடையாது, காலை வெயிலுக்கு முன் ஏறி இறங்குங்கள். மதுரை சாலையில் போனால் விராலிமலை. மயில்களுக்குப் பேர்போன இந்த மலையில் முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு. அங்கிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாக சித்தன்னவாசலுக்கு வந்து, 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைக்குள ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டை சேரலாம். இரண்டு வழியையும் ஒரே நாளில் அடைக்கப் பார்த்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு விராலிமலை வழிதான்.

புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே திருமயம் கோட்டை சாலையிலேயே இருக்கிறது. சித்தன்னவாசலும் திருமயமும் தொல்லியல் துறையின் டிக்கெட் உள்ள இடங்கள். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 ரூபாய்தான், 15 வயதுக்குக் கீழ் இலவசம். அதாவது ஒவ்வொரு இடத்திலும் உங்கள் குடும்பத்துக்கு இரண்டு டிக்கெட் போதும். இதற்குத்தான் 46,000 ரூபாய் பேக்கேஜ்!

மதியம் 12 முதல் 4 வரை பெரும்பாலான கோயில்கள் சாத்தியிருக்கும். அந்த நேரத்தைப் புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை.

வேறு ஊர்ப் பக்கம் போனாலும் இதே முறைதான். அந்த மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் சுற்றுலாப் பக்கத்தையும், தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலையும் எடுத்து, உங்கள் சாலையை ஒட்டி எது வருகிறது என்று மேப்பில் வைத்துப் பாருங்கள். மேப்பில் வரும் விமர்சனங்களைப் புதியதிலிருந்து படியுங்கள். பாதை மோசம், கேட் பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

செலவு உண்மையில் ஏறுவது டாக்ஸியில். வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று கணக்கு வைப்பார்கள். 250 என்று வைத்தால், நான்கு நாளுக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 1,000 கி.மீ.க்குப் பணம். ராமேஸ்வரம் போய்வரவே 1,100-க்கு மேல் ஆகும். நான் சொன்ன சுற்றுவழிகளைச் சேர்த்தால் 1,300-ஐத் தொடும். கி.மீ.க்கு 14 ரூபாய் என்று பேசினால் 18,200. டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா தனி. கி.மீ. கணக்கு உங்கள் வீட்டிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எங்கெல்லாம் நிற்கப் போகிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிவிடுங்கள். வெள்ளை நம்பர் பிளேட் கார் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏறாதீர்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பிளேட், நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து.

கேள்வி: காரைக்குடியில் பழம்பொருள் கடையில் ஒரு பித்தளை விளக்கை '150 வருஷப் பழசு' என்று சொல்லி விலை சொன்னார்கள். நம்பலாமா? ஆத்தங்குடி டைல்ஸும் வாங்க ஆசை.
– தாம்பரம் வாசகி

பதில்: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட கலைப்பொருள் 'தொல்பொருள்'. அதை விற்கும் வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. எனவே கடைக்காரரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள், பில்லில் வயதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் விளக்கின் வயது அங்கேயே குறைந்துவிடும்! பிடித்திருந்தால் பழைய பித்தளைக்கு உரிய விலை பேசி வாங்குங்கள். எனாமல் பாத்திரம், பழைய விளம்பரத் தகடு போன்றவற்றில் இந்தத் தலைவலி குறைவு.

ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, கையால் வண்ணம் ஊற்றி, சிமென்ட் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. பட்டறையில் செய்வதைப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் கையால் கலப்பதால் அதே நிறம் பிறகு கிடைப்பது கஷ்டம். உடைவதற்கும் சேர்த்து முதலிலேயே கூடுதலாக வாங்குங்கள். கார் டிக்கியில் ஏற்ற வேண்டாம், கனம் தாங்காது. லாரி பார்சலில் அனுப்பச் சொல்லி, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலைக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யை விட அதிகம் கேட்டால்?
– விழுப்புரம் வாசகர்

பதில்: கடையில் பாக்கெட் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது, 'கூலிங் சார்ஜ்' என்பதெல்லாம் செல்லாது. பில் கேளுங்கள், தராவிட்டால் பாட்டிலையும் கடைப் பலகையையும் போட்டோ எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும்போது பரிமாறும் பாட்டிலுக்கு மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. டாக்ஸி, பேக்கேஜ் தகராறு 1915-இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.