முக்கால் டன்னா, ஒரு டன்னா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (டிரக்கில் மாட்டி இழுத்துப் போகும் நடமாடும் வீடு) பார்த்து வைத்திருக்கிறோம். காலி எடை 10,300 பவுண்டு, அதிகபட்ச எடை 13,000 என்று போட்டிருக்கிறது. கோடை விடுமுறையில் கொலராடோ போக ஆசை. இழுக்க ஃபோர்டின் டீசல் பிக்கப் டிரக்குகளில் முக்கால் டன் எஃப்-250 போதுமா, ஒரு டன் எஃப்-350 வேண்டுமா? '250 தாராளமாக 18,000 பவுண்டு இழுக்கும்' என்கிறார் விற்பனையாளர். விலை வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான். ஆனால் 350 தினசரி ஓட்டத்துக்கு முரட்டு வண்டி என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. அந்த எஞ்சின் 18,000 பவுண்டை இழுத்துவிடும். ஆனால் உங்கள் சிக்கல் இழுப்பதில் இல்லை, முதுகில் ஏறும் பாரத்தில் இருக்கிறது.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். அது முன்பாரம். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படித்தான். பம்பருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கும். அதைவிடக் குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆட ஆரம்பிக்கும். ஃபிஃப்த் வீல் உட்காருவது டிரக்கின் பின்தொட்டிக்குள், ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலே. அதன் முன்பாரம் 20 சதவீதத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம்.

இப்போது கணக்குப் போடுவோம். டிரெய்லரின் காலி எடையை மறந்துவிடுங்கள். தண்ணீர், கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏறிய பிறகு எந்த டிரெய்லரும் காலி எடையில் இருப்பதில்லை. 13,000 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 சதவீதம் 2,600 பவுண்டு. நால்வருக்கும் சேர்த்து 550. டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஃபிஃப்த் வீல் ஹிட்ச் மட்டும் 200 இருக்கும். ஜெனரேட்டர், கருவிப்பெட்டி, ஐஸ்பெட்டி என்று இன்னொரு 200. மொத்தம் 3,550 பவுண்டு டிரக்கின் முதுகில்.

அடுத்து, வாங்க நினைக்கும் அதே வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறங்கள். கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரப் புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். ஒரே மாடலில்கூட நான்கு சக்கர இயக்கம், சன்ரூஃப், பெரிய கேபின் என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தின்னும். எல்லாவற்றையும்விட அதிகம் தின்பது டீசல் எஞ்சின். அது அவ்வளவு கனம். பெரிய கேபின், நான்கு சக்கர இயக்கம், டீசல் மூன்றும் சேர்ந்த முக்கால் டன் வண்டியில் ஸ்டிக்கர் பெரும்பாலும் 2,000 முதல் 2,500-க்குள் நிற்கும். உங்கள் தேவையோ 3,550. அதே வண்டி பெட்ரோல் எஞ்சினில் 3,000-ஐத் தாண்டிவிடும். வலு கூடிய எஞ்சின் போட்ட வண்டிதான் குறைவாகச் சுமக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். என் முதல் டீசல் டிரக்கைக் குடும்பத்தோடும் டிரெய்லரோடும் எடைமேடையில் நிறுத்திய அன்றுதான் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருப்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு கோடைகள் அப்படியே ஓட்டியிருந்தேன்.

முக்கால் டன், ஒரு டன் என்ற பெயர்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு காலத்தில் அவை உண்மையான சுமைத்திறன். முக்கால் டன் என்றால் 1,500 பவுண்டு. இன்றைய வண்டிகள் அதைவிட அதிகமாகவே சுமக்கின்றன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்-250-யும் பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரமுள்ள எஃப்-350-யும் எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முக்கிய வித்தியாசம் பின் ஸ்பிரிங்கிலும் அந்த ஸ்டிக்கரிலும். ராம் நிறுவனத்தின் வண்டிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முக்கால் டன் 2500-இல் பின்னால் காயில் ஸ்பிரிங், ஒரு டன் 3500-இல் லீஃப் ஸ்பிரிங், அதாவது நம் ஊர் லாரிப் பட்டை.

முரட்டு வண்டி என்று நண்பர்கள் சொல்வது காலியாக ஓட்டும்போது உண்மை. வேகத்தடையில் கொஞ்சம் குலுக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

ஒற்றைச் சக்கர 350 டீசலின் ஸ்டிக்கர் 3,500-இலிருந்து 4,200 வரை பார்க்கலாம். 3,800-க்குக் கீழே இருந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அப்படியானால் பின்னால் நான்கு சக்கரம் உள்ள டூயலி வாங்கிவிடலாமே என்று தோன்றும். 5,000-க்கு மேல் சுமக்கும், பக்கக்காற்றில் அசையாது. ஆனால் அகலம் எட்டு அடி. வங்கியில் டிரைவ்-த்ரூவுக்குள் நுழையும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. டெக்சஸில் டிரக்கின் அதிகபட்ச எடையும் டிரெய்லரின் அதிகபட்ச எடையும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், டிரெய்லரும் 10,000-க்கு மேல் இருந்தால், சொந்த உபயோகத்துக்குக்கூட சாதாரண சி வகுப்பு உரிமம் போதாது. வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் எடுக்க வேண்டும். டூயலியின் 14,000-யும் உங்கள் 13,000-யும் சேர்ந்தால் 27,000. ஒற்றைச் சக்கர 350 சுமார் 12,000 என்பதால் 25,000-இல் தப்பிவிடுவீர்கள். உங்கள் டிரெய்லருக்கு டூயலி தேவையில்லை.

டீசல் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டீசலுக்குப் பத்தாயிரம் டாலர் அளவுக்குக் கூடுதல் விலை. டெக்சஸுக்குள் ஏரிக்கரைகளுக்கு மட்டும் போவதென்றால் அது வீண். அமரில்லோ தாண்டும் வரை சமதளம்தான், பெட்ரோலே போதும். நியூ மெக்ஸிகோ-கொலராடோ எல்லையிலுள்ள ரேட்டன் கணவாயிலிருந்துதான் மலை. டென்வருக்கு மேற்கே ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய மூன்று சதவீத வலுவை இழக்கும். அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டர்போ டீசலுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஏறுவதைவிட இறங்குவதில்தான் டீசலின் அருமை தெரியும். எஞ்சினை வைத்தே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட்டால் கால் பிரேக்கைத் தொடாமலே பெரும்பகுதி சரிவை இறங்கலாம். கொலராடோ உறுதி என்றால் டீசல் 350 எடுங்கள்.

சிலர் 250-யே வாங்கி, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். வண்டி பார்க்க நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் டயரும் மாறவில்லை, ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது.

பணம் கட்டும் முன் பின்தொட்டியின் நீளத்தையும் கேளுங்கள். பெரிய கேபின் வண்டிகளில் அது பெரும்பாலும் ஆறே முக்கால் அடிதான் இருக்கும். குறுகலான திருப்பத்தில் டிரெய்லரின் முன்மூலை கேபினின் பின்கண்ணாடியில் இடிக்கலாம். எட்டடித் தொட்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பின்னால் நகரும் ஹிட்ச் வாங்குங்கள். அது சாதாரண ஹிட்சைவிடக் கனம், மேலே போட்ட 200-ஐ 300 ஆக்கிக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் எல்லாம் ஏற்றிய பிறகு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப் ஒன்றில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்று எண்களையும் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள்.