கதவைத் தட்டும் ரூஃபிங்காரரும் உங்கள் டிடக்டிபிளும்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். போன வருடம் டெக்சஸில் டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் எட்டு வருடப் பழைய வீடு ஒன்று வாங்கினீர்கள். போன வாரம் கோல்ஃப் பந்து அளவில் ஆலங்கட்டி மழை கொட்டியது. மறுநாளே கூரை போடும் ரூஃபிங்காரர் ஒருவர் கதவைத் தட்டி, மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "கூரை முழுக்கப் போச்சு, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், எல்லாம் இன்சூரன்ஸ் தரும், உங்கள் கையிலிருந்து ஒரு டாலர் வேண்டாம், டிடக்டிபிளையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். (டிடக்டிபிள் என்றால், சேதச் செலவில் இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாம் கட்டவேண்டிய நம் பங்கு.) பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிளைம் போடலாமா, எவ்வளவு ஆகும், அவரை நம்பலாமா, காரை என்ன செய்வது?

முதலில் ஒன்று: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் சொன்ன கடைசி வரி இருக்கிறதே, டிடக்டிபிளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று, அது டெக்சஸில் சட்டவிரோதம். 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, டிடக்டிபிளை ரூஃபிங்காரர் தள்ளுபடி செய்வதும், தானே கட்டுவதும், பில்லை ஏற்றி எழுதி அதை மறைப்பதும் குற்றம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. வீட்டுக்காரர் தன் பங்கைக் கட்டியே ஆகவேண்டும். கட்டினீர்களா என்பதற்கு செக் நகலோ கார்டு ஸ்டேட்மென்டோ கேட்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு, அதைக் காட்டும்வரை பாக்கிப் பணத்தை நிறுத்தியும் வைக்கலாம். வாசலில் நின்று முதல் பேச்சிலேயே சட்டத்தை மீறலாம் என்கிறவர், உங்கள் கூரையில் எந்த ஆணியை எங்கே அடிப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாநிலத்தில் முடி வெட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், எலக்ட்ரீஷியனுக்கு வேண்டும், கூரை போடுகிறவருக்கு வேண்டாம். ஒரு பிக்கப் டிரக்கும் ஏணியும் இருந்தால் போதும். பெரிய ஆலங்கட்டி மழை பெய்த மறுநாள் வெளி மாநில நம்பர் பிளேட்டோடு வண்டிகள் தெருத்தெருவாக வருவது அதனால்தான். எல்லோரும் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வருடம் ஒழுகினால் கூப்பிட ஆள் இருக்கமாட்டார். எங்கள் தெருவில் ஒருவர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தார். கூரையில் ஓடுபோலப் பதிக்கும் ஷிங்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை, போன் நம்பரும் செத்துப்போனது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். இன்சூரன்ஸ் பத்திரத்தின் முதல் பக்கம், டெக்லரேஷன் பேஜ், அதை எடுங்கள். அதில் 'விண்ட் அண்ட் ஹெயில் டிடக்டிபிள்' என்று தனியாக ஒன்று இருக்கும். நம்மவர்கள் பலர் கார் இன்சூரன்ஸ் பழக்கத்தில் அது 500, 1,000 டாலர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அது சதவீதம், 1 அல்லது 2. எதற்குச் சதவீதம்? சேதத்துக்கு அல்ல, வீட்டுக்கு எடுத்திருக்கும் மொத்தக் காப்புத் தொகைக்கு. 4,50,000 டாலருக்கு வீடு இன்ஷ்யூர் ஆகியிருந்து 2% என்றால், முதல் 9,000 டாலர் உங்களுடையது. கூரைக்கு 10,000 ஆகட்டும், 30,000 ஆகட்டும், அந்த 9,000 மாறாது.

அதே பத்திரத்தில் கூரைக்கு எந்த வகைக் காப்பு என்றும் பாருங்கள். புதிதாகப் போட ஆகும் முழுச் செலவையும் தருவதா, தேய்மானம் கழித்துத் தருவதா? முதலாவது ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட், இரண்டாவது ஆக்சுவல் கேஷ் வேல்யூ. வீட்டுக்கு முழுச் செலவு என்று எழுதிவிட்டு, கூரைக்கு மட்டும் பின்பக்கத்தில் தேய்மான விதி வைக்கும் பாலிசிகள் நிறைய, அதுவும் கூரை பத்து வயதைத் தாண்டினால். பிரீமியம் மலிவாக இருக்கிறதே என்று எடுத்தவர்களுக்கு அந்த மலிவு இங்கேதான் வெளிப்படும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இங்கே கூரையை 'ஸ்கொயர்' கணக்கில் அளப்பார்கள். ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி. உங்கள் கூரை 32 ஸ்கொயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதைப் பிரித்துப் போட்டு, சாதாரண ஆர்க்கிடெக்சரல் ஷிங்கிள் புதிதாகப் பதிக்க ஸ்கொயருக்குச் சுமார் 550 டாலர் என்றால் 17,600. வென்ட் (காற்றுப்போக்கி), பிளாஷிங் (இணைப்புகளில் நீர் இறங்காமல் தடுக்கும் தகடு) சில்லறையோடு 18,000 என்று அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள், எழுதுகிறார். (சரிவு அதிகமான, இரண்டு மாடி வீட்டுக் கூரை என்றால் இன்னும் ஏறும்.) எட்டு வருடக் கூரை என்பதால் தேய்மானம் 6,000 கழிக்கிறார். மீதி 12,000. அதில் உங்கள் டிடக்டிபிள் 9,000 போக, முதலில் வரும் செக் 3,000 டாலர். இதைப் பார்த்து மயங்கி விழுபவர்கள் உண்டு. பதறவேண்டாம். முழுச் செலவுக் காப்பு இருந்தால், வேலை முடிந்து பில் அனுப்பியபின் அந்த 6,000 இரண்டாவது செக்காக வரும். ஆக இன்சூரன்ஸ் 9,000, நீங்கள் 9,000. தேய்மான வகைக் காப்பு என்றால் அந்த 3,000 தான் கடைசி. 15,000 உங்கள் தலையில்.

இப்போது சொல்லுங்கள், 'ஒரு டாலர் வேண்டாம்' என்கிறவர் அந்த 9,000 டாலரை எங்கிருந்து கொண்டுவருவார்? மட்டமான ஷிங்கிளிலிருந்து, மாற்றாமல் விட்ட பிளாஷிங்கிலிருந்து, இல்லையென்றால் பொய் பில்லிலிருந்து. வேறு வழியே இல்லை.

ஒழுகவில்லையே, பின் எதற்கு என்று கேட்டீர்கள். ஊரில் கான்கிரீட் தளம் போட்டு மொட்டை மாடியில் வடாம் காயவைத்த நமக்கு இந்தக் கூரை புரியக் கொஞ்ச நாளாகும். இது மரச்சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் தார்க் காகிதம், அதன்மேல் மணல் ஒட்டிய தார் ஷிங்கிள். ஆலங்கட்டி விழுந்த இடத்தில் மணல் உதிர்ந்து, உள்ளே இருக்கும் நார்ப்படலம் உடைந்திருக்கும். விரலால் அழுத்தினால் அடிபட்ட பழம்போல மெத்தென்று இருக்கும். அன்றைக்கு ஒழுகாது. டெக்சஸ் வெயில் அந்தத் தாரைக் காயவைத்து, ஒன்றிரண்டு வருடம் கழித்து ஒழுகும். அப்போது போய் நின்றால் காலம் கடந்திருக்கும். ஆலங்கட்டி, புயல் சேதத்துக்குச் சேதம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கிளைம் போடவேண்டும் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கிறது. அதனால் ஒழுகாத கூரைக்கும் கிளைம் உண்டு. ஆனால் உண்மையில் சேதம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், கிளைம் திறந்து, அட்ஜஸ்டர் வந்து, 'சேதம் டிடக்டிபிளைவிடக் குறைவு' என்று பைசா தராமல் போனாலும் கிளைம் போட்டது பதிவாகும். குளூ ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு, முன்பு போட்ட கிளைம்களின் பதிவேடு, அதில் ஏழு வருடம்வரை நிற்கும். அடுத்த கம்பெனிக்கு மாறும்போது அதைப் பார்ப்பார்கள். ஆகவே முதலில் உள்ளூரில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் ரூஃபிங்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே பார்ப்பார்கள். மேலே ஏறுகிறவர் தானே சுத்தியலால் தட்டிச் சேதம் 'உண்டாக்கும்' கதையும் இங்கே உண்டு, அதனால் ஏறும்போது கீழே நின்று பாருங்கள். நீங்கள் ஏறாதீர்கள், தம்பி, ஏறவே ஏறாதீர்கள். தரையில் நின்றே நிறையத் தெரியும்: மழைநீர்க் குழாய் வாயில் கறுப்பு மணல் குவிந்திருக்கிறதா, கூரைமேல் துருத்தி நிற்கும் தகர வென்ட்களில் குழி இருக்கிறதா, ஏசி கண்டென்சரின் தகடு நசுங்கியிருக்கிறதா, ஜன்னல் வலை கிழிந்திருக்கிறதா. அட்ஜஸ்டரும் முதலில் பார்ப்பது இந்தத் தகரங்களைத்தான். அப்புறம் கூரையின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் எத்தனை இடத்தில் ஆலங்கட்டி பட்டிருக்கிறது என்று எண்ணுவார்.

உங்கள் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வீடு வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. இதற்கு முந்தைய மழையில் விழுந்த அடியாக இருந்தால், 'எங்கள் பாலிசி தொடங்குவதற்கு முன் நடந்தது' என்று அட்ஜஸ்டர் தள்ளிவிடலாம். வீடு வாங்கும்போது எடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் கூரைப் போட்டோக்கள் இருக்கும். தேடி எடுத்து வையுங்கள், அன்று நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இன்னும் வாங்காமல் இதைப் படிக்கிறவர்கள், விற்கிறவரிடம் குளூ ரிப்போர்ட் கேளுங்கள். கூரைக்குக் கிளைம் பணம் வாங்கிவிட்டு, கூரையைத் தொடாமல் வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

சேதம் உண்மை என்றால் கிளைம் போடுங்கள், தயங்காதீர்கள். பிரீமியம் ஏறுமே என்று பயந்து சும்மா இருப்பதில் பெரிய லாபம் இல்லை. இந்த வட்டாரத்தில் பெரிய மழை பெய்தால் கிளைம் போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் ஏற்றுகிறார்கள். 1995 மே மாதம் ஃபோர்ட் வொர்த்தில் மேஃபெஸ்ட் திருவிழாக் கூட்டத்தின்மேல் ஆலங்கட்டி விழுந்தது, 2016 ஏப்ரலில் உங்களுக்குக் கிழக்கே வைலியில் சாஃப்ட்பால் அளவுக் கட்டிகள் வீட்டுக்கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியது என்று இந்த ஊர்க் கதை நீளம். இன்சூரன்ஸ்காரர்களுக்கு இது தெரியும். மார்ச் முதல் ஜூன்வரை இது இங்கே ஒரு பருவம் மாதிரி.

அட்ஜஸ்டர் வரும் நாளில் நீங்கள் தேர்ந்தெடுத்த ரூஃபிங்காரரையும் வரச்சொல்லுங்கள். அளவு, சேதம், விலை பற்றி அவர் பேசலாம். ஆனால் உங்கள் சார்பில் கிளைமை அவர் பேரம் பேசி முடிக்கக்கூடாது, டெக்சஸ் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அட்ஜஸ்டர் விட்டுப்போனதை, பிரித்தபின் தெரியும் அழுகிய பலகை மாதிரி, 'சப்ளிமென்ட்' என்று பின்னால் எழுதி அனுப்பலாம். நியாயமாக மறுக்கிறார்கள் என்று தோன்றாவிட்டால் மறு ஆய்வு கேளுங்கள், அப்புறம் டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையிடம் புகார் கொடுங்கள். உங்கள் சார்பில் கிளைமைப் பேசும் பப்ளிக் அட்ஜஸ்டர் என்று ஒருவரை வைக்கலாம், அவருக்குக் கிளைம் பணத்தில் 10% வரை போகும். சாதாரணக் கூரைக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து.

செக்கில் உங்கள் பெயரோடு வீட்டுக்கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் இருக்கும். அவர்களும் கையெழுத்துப் போட்டால்தான் மாறும். அதற்கென்றே 'லாஸ் டிராஃப்ட்' என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், வாரக்கணக்கில் இழுக்கும். வேலை தொடங்கும் தேதியை ரூஃபிங்காரரிடம் சொல்வதற்கு முன் இவர்களிடம் பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஷிங்கிளின் பிராண்டும் மாடலும், பிளாஷிங் புதிதா பழையதா, குப்பை அள்ளுவது யார், எத்தனை வருட வேலை உத்தரவாதம் என்று எழுத்தில் இருக்கவேண்டும். லையபிலிட்டி (வேலையில் உங்கள் சொத்துக்குச் சேதமானால் ஈடு தரும் இன்சூரன்ஸ்) சான்றிதழோடு வொர்க்கர்ஸ் காம்ப் (வேலையாள் அடிபட்டால் ஈடு தரும் இன்சூரன்ஸ்) சான்றிதழும் கேளுங்கள். டெக்சஸில் தனியார் முதலாளிகளுக்கு வொர்க்கர்ஸ் காம்ப் கட்டாயமில்லை, அதனால் பலரிடம் இருக்காது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கவேண்டாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்: வாசலுக்கு வந்து வாங்கிய கையெழுத்தை மூன்று வேலைநாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யும் வழி உண்டு. நாளைக் கணக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எப்படியும் 9,000 போடப்போகிறீர்கள் என்றால், கொஞ்சம் கூடப் போட்டு கிளாஸ் 4 ஷிங்கிள் கேட்டுப்பாருங்கள். இரண்டு அங்குல இரும்புக் குண்டை இருபது அடி உயரத்திலிருந்து போட்டுச் சோதித்தது. பேஸ்பால் அளவு கட்டிக்கு அதுவும் தாங்காது, ஆனால் சின்னக் கட்டிகளுக்கெல்லாம் ஏணி எடுக்கவேண்டியதில்லை. பிரீமியத்தில் தள்ளுபடியும் கிடைக்கலாம். எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதித்தவர் கையெழுத்திட்ட சான்றுப் படிவம் இருந்தால்தான் தருவார்கள். அந்தத் தள்ளுபடியோடு 'அழகுக்குறைவுச் சேதத்துக்குப் பணம் கிடையாது' என்று ஒரு இணைப்பில் கையெழுத்துக் கேட்டால், படித்துவிட்டுப் போடுங்கள். எச்ஓஏ என்ற வீட்டுக்காரர் சங்கம் இருந்தால் நிறத்துக்கு முன் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காருக்கு வீட்டு இன்சூரன்ஸ் வராது. கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ், அதாவது மோதல் அல்லாத ஆலங்கட்டி மாதிரிச் சேதத்துக்கான காப்பு, இருக்கிறதா பாருங்கள். வெறும் லையபிலிட்டி (அடுத்தவருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கு மட்டும்) என்றால் கைக்காசுதான். காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் அது தனிக் கிளைம், தனி டிடக்டிபிள். பெயின்ட் உரியாமல் குழியை உள்ளிருந்து தள்ளி எடுக்கும் பிடிஆர் கடைகளில் இப்போது கூட்டமாக இருக்கும், இன்றே வரிசையில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கராஜில் அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகளை எடுத்து இரண்டு காருக்கும் இடம் பண்ணுங்கள், சீசன் இன்னும் முடியவில்லை.