ரவுட்டர் வாங்க முன்: கேள்வி-பதில்

வேலணை: எங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வரவில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள், சூம் வகுப்பு இருக்கிறது. 4ஜி வீட்டு ரவுட்டர் எடுக்கலாமா?

எடுக்கலாம். முதலில் ரவுட்டர் தருகிற கம்பனியின் சிம்மை போனில் போட்டு, ரவுட்டர் வைக்கப்போகிற அறைக்குள், இரவு எட்டு மணிக்கு வேகத்தைப் பாருங்கள். கேற்றடியில் நின்று பார்த்துப் பயனில்லை. தகரக் கூரையும் கொங்கிறீற் சுவரும் சிக்னலைக் குறைக்கும். இரவில் ஊர் முழுவதும் ஒரே ரவரைத்தான் பாவிக்கும், பகலில் வந்த வேகம் அப்போது வராது. பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள், இல்லாவிட்டால் மகளின் குரல் ஆசிரியருக்கு வெட்டி வெட்டித்தான் கேட்கும். கம்பி இழுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. மாரி மின்னலும் தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே வராது.

கொடிகாமம்: 100 ஜிபி பக்கேஜ், மாத நடுவிலேயே முடிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அந்த நூறில் இரவு டேட்டா எவ்வளவு என்று பார்த்தீர்களா? எனக்கு நெடுநாள் கோபம் இதில்தான். நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக்கூடிய டேட்டாவையும் சேர்த்துக் கூட்டி, பெரிய எழுத்தில் போடுகிறார்கள். தோட்டத்துக்கு விடிய எழும்புகிற வீட்டில் அந்த நேரம் யார் விழித்திருப்பார்? எச்டி வீடியோ ஒரு மணி நேரம் பார்த்தாலே 1 முதல் 3 ஜிபி போகும். பகல் பங்கு நாற்பது என்றால் உங்களிடம் இருப்பது நாற்பதுதான். விலையை அந்த எண்ணால் பிரித்துப் பார்த்த பிறகு மற்றக் கம்பனியோடு ஒப்பிடுங்கள்.

அச்சுவேலி: வெளியே பூட்டும் ஆன்டெனா வாங்கினேன், வேகம் கூடவில்லை. பற்றுச்சீட்டு இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா?

பற்றுச்சீட்டு இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? எனக்கும் ஒரு கடையில் எந்த ரவுட்டருக்கும் பொருந்தும் என்று சொல்லி ஆன்டெனா விற்றார்கள். என் ரவுட்டரில் அதைக் கொழுவ இடமே இல்லை. பற்றுச்சீட்டு இருந்தபடியால்தான் காசு திரும்பியது.

நெடுந்தீவு: செய்மதி வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் எடுக்கட்டா?

வீட்டில் 4ஜி ஒழுங்காக வந்தால் வேண்டாம்.

காரைநகர்: தனியே இருக்கும் அம்மாவிடம் முகவர் ஒருவர் சிக்னல் நல்லா வரும் என்று சொல்லி ரவுட்டரை விற்றுவிட்டார். ஒரு கோடுதான் வருகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

அம்மாவில் எந்தப் பிழையும் இல்லை. கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். ரவுட்டரில் தெரியும் கோட்டையும் வேகச் சோதனையையும் படமெடுத்து வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கங்களில் அழையுங்கள். பொய் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. அதிகார சபைக்கு எழுத்துமூலம், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கிழமையே அனுப்புங்கள்.