நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். அப்பாவுக்கு 52 வயது. மார்கழியிலிருந்து மாசி வரை மாந்தோப்புகளில் பூவுக்கு மருந்து அடிக்கும் கூலி வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலைவலி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறுகிறது என்கிறார். போன வாரம் லேபில் 'சீரம் கோலினெஸ்டரேஸ்' பார்த்தோம். 5,900 வந்தது. 5,300 முதல் 12,900 வரை நார்மல் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அப்போ பயமில்லைதானே டாக்டர்?

பதில்: பயமில்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இந்த 5,900-ஐ வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

நீங்கள் பார்த்த பரிசோதனை ரத்தத்தில் உள்ள மருந்தை அளப்பதில்லை. மருந்து தாக்குகிற ஒரு புரதம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிறது. நரம்பிலிருந்து தசைக்குப் போகிற சேதியை அசிட்டைல்கோலின் என்ற பொருள் கொண்டுபோகும். சேதி சேர்ந்ததும் அதைச் சிதைத்துத் துடைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற அந்தப் புரதத்தின் வேலை. குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அதன் கையைக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் எச்சில், வியர்வை, கண் மங்கல் எல்லாம் வரும்.

நார்மல் வரம்பு எவ்வளவு அகலம், பாருங்கள். அப்பாவின் வழக்கமான அளவு 6,200 என்றால் 5,900 ஒரு பொருட்டே இல்லை. அதுவே 10,000 என்றால், பாதியை நெருங்கும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. கலிபோர்னியாவில் மருந்து அடிக்கும் தொழிலாளிக்கு வேலை தொடங்கும் முன்பே ஒரு முறை ரத்தம் எடுத்துவிடுவார்கள். சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) உள்ள கோலினெஸ்டரேஸ் அந்த முதல் அளவில் 60 சதவீதத்துக்கு, அல்லது சிவப்பணுவில் உள்ளது 70 சதவீதத்துக்கு இறங்கினால், மருந்தே தொடாத வேலைக்கு மாற்ற வேண்டும். அவரை அவரோடேயே ஒப்பிடுகிறார்கள். நம் ஊரில் மயங்கி விழுந்த பிறகுதான் முதல் ரத்தமே எடுக்கிறோம்.

ஒப்பிட ஆளில்லாத எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1997-இல் தெற்கு ஸ்வீடனில் ஒரு ரயில் சுரங்கத்தில் செலுத்திய அடைப்புப் பொருளிலிருந்து அக்ரிலமைடு என்ற நச்சு வேதிப்பொருள் கசிந்தது. தொழிலாளர்களின் ஹீமோகுளோபினில் அது ஒட்டிய தடயத்தை அளந்தார்கள். சர்க்கரை நோயாளிக்குப் பார்க்கும் 'மூணு மாச சுகர்' போலத்தான். சிவப்பணு வாழும் சுமார் 120 நாட்களின் கணக்கு அதில் பதிந்திருக்கும். ஒப்பிடுவதற்காக, சுரங்கம் பக்கமே போகாதவர்களிடமும் ரத்தம் எடுத்தார்கள். அவர்களிடமும் தடயம்! அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில், 2002-இல் வறுத்த உருளைக்கிழங்கில் போய் நின்றது; வறுக்கும்போதே அக்ரிலமைடு உண்டாகிறது.

சரி, அப்பா விஷயம். உடனே மருந்து வேலையை நிறுத்தட்டும். சீசன் கூலி போகும் என்று தெரியும். தண்ணீர் கட்டுவது, கவாத்து என்று வேறு வேலை கிடைத்தால் நல்லது. ஒரு மாதம் முதல் ஆறு வாரம் கழித்து, அதே லேபில் திரும்பப் பாருங்கள். எண் நன்றாக ஏறியிருந்தால், இப்போதைய 5,900 அவருக்குக் குறைவுதான் என்று அர்த்தம். அந்தப் புதிய எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள், அடுத்த மார்கழிக்கு உதவும். சீரம் கோலினெஸ்டரேஸ் கல்லீரலில் உருவாவது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தாலும் குறையும். டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று: அவர் அடிப்பது என்ன மருந்து? தத்துப்பூச்சிக்கு அடிக்கும் இமிடாகுளோபிரிட், லாம்டா சைஹலோத்ரின் போன்றவை இந்தப் பரிசோதனையில் சிக்காது. எனவே டப்பாவின் லேபிளை போனில் படம் பிடித்து வாருங்கள். அதில் விஷத்தின் கடுமையைக் காட்டும் முக்கோணம் சிவப்பா மஞ்சளா என்பதும் தெரிய வேண்டும்.

மாமரத்துக்கு அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். சாரல் முகத்திலும் கழுத்திலும் இறங்கும். வாயில் கட்டும் துண்டு நனைந்தால், மருந்தை மூக்கிலேயே வைத்துக் கட்டிய மாதிரி. நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வர வேண்டாம். சோப்புப் போட்டுக் குளித்த பிறகே சாப்பாடு, பீடி எல்லாம். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். துவைப்பவர் கையுறை போடட்டும்.

கண் பாப்பா ஊசிமுனை போல் சுருங்கினாலோ, சதை துடித்தாலோ, நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டினாலோ ரிப்போர்ட் எதற்கும் காத்திருக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் டப்பாவையும் ஏற்றுங்கள்.