நகரமும் நரகமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எங்கள் குறுக்கெழுத்துக் குழுவில் போன மாதம் குறிப்பு எழுதும் போட்டி வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே சொல்: நரகம். அதற்கு கிரிப்டிக் முறையில், அதாவது பொருளும் எழுத்து விளையாட்டும் ஒரே வரியில் ஒளிந்திருக்கும்படி, குறிப்பு எழுத வேண்டும். நான் அனுப்பியது: 'நகரத்தைக் குழப்பினால் பாவிகள் போகுமிடம் (4)'. நகரம் என்பதன் எழுத்துகளைக் கலைத்தால் நரகம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் முதல் பத்தில்கூட வரவில்லை. 'உருபு இடிக்கிறது' என்று மட்டும் நடுவர் எழுதியிருந்தார். படிப்பவருக்கு விடை கிடைத்துவிடுகிறதே, அப்புறம் என்ன குறை?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

நடுவர் சொன்னது சரிதான். இன்னும் நாலு வரி விளக்கியிருக்கலாம்.

நீங்கள் குழப்பச் சொல்வது, ஐ உருபு ஒட்டிய 'நகரத்தை'. அதில் இருப்பவை ந, க, ர, த், தை. இவற்றை எப்படிக் குலுக்கினாலும் நரகம் வராது. 'நகரம் என்று சொல்ல வருகிறார்' என்று படிப்பவர் உங்களுக்காக மனதுக்குள் திருத்திக்கொள்கிறார். அதனால்தான் விடை கிடைக்கிறது. அந்தத் திருத்தும் வேலை உங்களுடையது, அவருடையது அல்ல.

இப்படி மாற்றிப் பாருங்கள்: 'தாறுமாறான நகரம் பாவிகள் போகுமிடம் (4)'. குழப்பும் சொல்லை முன்னால் கொண்டுவந்ததும் உருபுக்கு வேலை இல்லாமல் போகிறது. நகரம் நான்கு எழுத்தோடு முழுதாக நிற்கிறது. தமிழில் வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் முடியும் என்பதும் இங்கே பெரிய உதவி. ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. 'பாவிகள் போகுமிடத்தையும் எடுத்துவிடலாமே, தாறுமாறான நகரமே நரகம்தானே' என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நரகம் என்ற சொல்லுக்கு அது பொருள் ஆகாது.

இந்தக் கறார் இங்கிலாந்தில் ஊறிப்போன ஒன்று. 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் டார்க்கிமாடா 1926 முதல் 1939 வரை புதிர் போட்டார். அவருக்குப் பின் ஸிமெனிஸ், 1972 முதல் அஸெட். மூன்றும் புனைபெயர்கள், மூன்றும் ஸ்பெயின் நாட்டு மத விசாரணைத் தலைவர்களிடமிருந்து எடுத்தவை. அந்தத் தலைவர்களில் ஒருவரான டெஸாவின் பெயரை ஆங்கில எழுத்துகளில் திருப்பிப் போட்டால் அஸெட். புதிராளர் அஸெட் தன் மாதாந்திரப் போட்டியில் ஒரு விடைக்கு மட்டும் குறிப்புக்குப் பதில் நேரடிப் பொருளைத் தருவார். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து அதற்குப் புதிதாகக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். பரிசு பெற்றவையோடு தன் கருத்துகளையும் சேர்த்து ஒரு தாளில் அச்சிட்டு அனுப்புவார். அவர் கேட்டது துல்லியமான பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, வேறு எதுவும் கூடாது. இதற்கும் முன்னால், 1949-இல், அஃப்ரிட் என்ற புதிராளர் சொன்ன விதி எனக்கு இன்னும் பிடிக்கும்: சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்றாக இருக்கலாம், ஆனால் நினைப்பதைச் சொல்லியாக வேண்டும்.

நமக்கு இது அந்நியமும் இல்லை. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடியபோது ஒவ்வொரு சொல்லும் இரண்டு பக்கமும் பொருந்தியது. கிட்டத்தட்டப் பொருந்தினால் அது சிலேடை ஆகியிருக்காது.

ஆங்கிலத்தில் 'உள்ளே', 'இருந்து' எல்லாம் தனிச்சொல்லாக நிற்கும். நமக்கு அவை பெயரோடு ஒட்டிக்கொண்டு அதன் வாலையே மாற்றிவிடும். எழுத்துகளை அப்படியே பயன்படுத்தும் இடத்தில் உருபு ஆபத்து. பொருளைப் பயன்படுத்தும் இடத்தில் ஒன்றும் செய்யாது. உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நகம் என்பதன் நடுவே ர நுழைந்தாலும் நரகம்தான். 'நகத்துக்குள்' என்று எழுதினால் நகம் உடைந்துவிடும். உகிர் என்றாலும் நகம்தான்; 'உகிருக்குள்' என்று எழுதினால் உடையாது, ஏனென்றால் உகிரின் எழுத்துகள் நமக்குத் தேவையில்லை, அதன் பொருள்தான் தேவை. ஆகவே: 'உகிருக்குள் மர நுனி ஏறினால் பாவிகள் துடிக்குமிடம் (4)'. 'மர' என்பதன் நுனி ர. நகக்கண்ணில் சிராய் ஏறிய வலியும் கண்முன் வருகிறது. உகிர் இன்று பேச்சில் இல்லாத சொல் என்பது இதன் குறை.

சொல்லை வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்கும்போது உருபு தொந்தரவே செய்யாது. 'முளைக்க விதைத்ததில் கொஞ்சம் புலவரின் அறுவடை (3)'. முளைக்-கவிதை-த்ததில். நடுவில் இருப்பதுதான் வேண்டும், வால் எப்படிப் போனால் என்ன!

இன்னொன்றும் உண்டு. 'நகரம், நரகம்' நம் எல்லார் வாயிலும் புழங்குவது. ஒரே சொல்லுக்குப் போட்டி என்றால் பாதிப்பேர் அங்கேதான் போயிருப்பார்கள். ஆங்கிலக்காரர்கள் கையில் 26 எழுத்து, நம் கையில் 247. கலைத்தால் இன்னொரு சொல் கிடைப்பது நமக்கு அபூர்வம். கிடைத்ததும் துள்ளிக் குதிக்கத் தோன்றும், எனக்கும் தோன்றும். அந்த நேரத்தில் அனுப்பாதீர்கள். இரண்டு நாள் கழித்து, குறிப்பை எழுத்தெழுத்தாகக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதச் சொல் வந்ததும் அனுப்பும் முன் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.