மில் கைமாறினால் சங்கத்தின் ஒப்பந்தமும் போய்விடுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் வட்டத்தில் ஒரு நூற்பாலையில் 212 நிரந்தரத் தொழிலாளர்கள் இருக்கிறோம். 130 பேர் எங்கள் சங்கம். வேறு சங்கம் கிடையாது. 2024 மே மாதம் சம்பளம், வேலைப்பளு இரண்டுக்கும் சேர்த்து மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டோம். இப்போது மில்லை வெளியூர்க்காரர் வாங்குகிறார். "ஒப்பந்தம் பழைய முதலாளியோடு போச்சு. எல்லோரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் புது ஆர்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்தோடு பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை" என்கிறார்கள். பேச்சுவார்த்தை நடத்த எங்களுக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த ராஜினாமாவில் 130 பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த வக்கீலிடம் போயும் பெரிதாகப் பயன் இல்லை. இதைப் படித்ததும் முதல் வேலையாக ஷிப்டு ஷிப்டாக ஆட்களைக் கூப்பிட்டு, யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, உண்மையில் விற்கப்படுவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனியின் பங்குகளை மட்டும் ஒருவர் வாங்கினால், சட்டத்தின் கண்ணில் உங்கள் முதலாளி மாறவே இல்லை. அதே கம்பெனி, அதே பி.எஃப். எண், அதே ஒப்பந்தம். நாற்காலியில் உட்காரும் ஆள்தான் வேறு. மில்லையே, அதாவது நிலம், கட்டடம், எந்திரம், தொழில் எல்லாவற்றையும் வேறொரு கம்பெனி வாங்கினால்தான் நீங்கள் கேட்ட கேள்வியே எழுகிறது. இதை மேனேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மில் நிற்கும் சர்வே எண்ணுக்குப் பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இயக்குநர்கள் பெயரைப் பாருங்கள். நிலம் அசையாமல் இயக்குநர்கள் மட்டும் மாறியிருந்தால் அநேகமாகப் பங்கு விற்பனை. கிரயப் பத்திரமே பதிவாகியிருந்தால் மில் விற்பனை.

மில் விற்பனைதான் என்றால் 2024 ஒப்பந்தத்தை எடுத்து மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய தொழில் தகராறு சட்டப் பிரிவுகளின்படி அது 12(3) ஒப்பந்தமா, 18(1) ஒப்பந்தமா? தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில், அவர் கையெழுத்தோடு முடிந்தது 12(3). அது அந்த மில்லின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். முதலாளியின் வாரிசு, அவருக்குப் பின் மில்லை ஏற்று நடத்துபவர் வரைக்கும் கட்டுப்படுத்தும். வாங்குபவர் "நான் கையெழுத்துப் போடவில்லை" என்று சொல்ல முடியாது. 18(1) என்பது இரண்டு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது. கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டும். தொழிலாளர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதாலேயே அது 12(3) என்று நம்பிக்கொண்டிருக்கிற சங்கங்கள் நிறைய. உங்களுடையது 18(1) என்றால் இன்றே தொழில் தகராறு எழுப்பி, அதே ஷரத்துகளைச் சமரசத்தில் வைத்துப் பழைய முதலாளியிடமே கையெழுத்து வாங்குங்கள். கிரயம் முடிவதற்குள் இது நடக்க வேண்டும். சமரசம் நடக்கும்போது தகராறில் உள்ள பணி நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக நிர்வாகம் மாற்றக் கூடாது என்பது கூடுதல் லாபம்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறினவே தவிர மேலே சொன்ன வித்தியாசம் அப்படியே இருக்கிறது. எல்லோர் வாயிலும் பழகிய எண் என்பதால் பழையதையே சொல்கிறேன். மூன்றாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. முடித்துக்கொள்வதாக ஒரு தரப்பு எழுத்தில் அறிவித்து அறுபது நாள் கழியும் வரை ஓடும். இதில் சங்கமே செய்கிற தப்பு ஒன்று உண்டு. புது முதலாளி வந்த உற்சாகத்தில் புதுக் கோரிக்கைப் பட்டியலோடு "பழைய ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம்" என்று கடிதம் கொடுத்துவிடுவார்கள். கையில் இருக்கும் கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சண்டைக்குப் போவது மாதிரி அது. இப்போதைக்கு வேண்டாம்.

இனி ராஜினாமா விஷயம். மில் கைமாறினால் தொழிலாளிக்கு என்ன என்பது பழைய சட்டத்தில் 25-எஃப்எஃப், புதியதில் 73. வேலை இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். நிபந்தனைகள் முன்பைவிடக் குறையக் கூடாது. நாளைக்கு ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்து நஷ்டஈடு தரப் புது முதலாளி கடமைப்பட வேண்டும். மூன்றும் இருந்தால் நஷ்டஈடு கிடையாது, வேலை தொடரும். ஒன்று குறைந்தாலும், ஓராண்டு சர்வீஸ் முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளமும் பழைய முதலாளி தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும். தினச் சம்பளம் 520 ரூபாய் வாங்கும் ஒரு சைடருக்கு (நூற்பு எந்திரம் பார்ப்பவர்) 18 ஆண்டு 7 மாத சர்வீஸ் என்றால் 19 ஆண்டுக்கு 1,48,200 ரூபாய். கிராஜுட்டி இதற்கு வெளியே. ஆனால் நஷ்டஈட்டையும் வாங்கிக்கொண்டு, புது முதலாளியிடம் வேலையையும் உரிமையாகக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதை 1962-லேயே சொல்லிவிட்டது. அதேபோல, விருப்பம் இல்லாத தொழிலாளியைப் புது முதலாளியிடம் கட்டாயமாகத் தள்ளிவிடவும் முடியாது என்று 2011-இல் சொன்னது.

ராஜினாமா இந்த இரண்டு வழியிலும் சேராது. அதை எழுதியவருக்கு நஷ்டஈடும் இல்லை, தொடர் சர்வீஸும் இல்லை. தானாக விலகியவர், மறுநாள் புதிதாகச் சேர்ந்தவர், அவ்வளவுதான். அதனால்தான் நிர்வாகம் நேரடியாகக் கேட்காமல் ஆள் வைத்துக் கேட்கும். லேபர் கான்ட்ராக்டர் வருவார். அந்தக் காலத்தில் சங்கத்தில் இருந்து, இப்போது 'நடுவில் பேசி முடித்துத் தருகிற' பெரியவர் ஒருவர் வருவார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பேருக்கு ஒரு கையெழுத்து. நாளைக்கே புது ஆர்டர் கையில வந்துரும்." அவர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பார். 'முழு இறுதிக் கணக்கு தீர்ந்தது' என்று அச்சடித்து, தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்ட தாளையும் கூடவே நீட்டுவார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே அதில் விழுகிறார்கள்.

அவருக்குப் பின்னால் வருபவர் பிரவுசிங் சென்டர்காரர். பி.எஃப். பணத்தை எடுத்துத் தருகிறேன் என்று ஓ.டி.பி. கேட்பார். படிவம் 19 போட்டால் பி.எஃப். சேமிப்பு காலி. படிவம் 10சி-யில் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்தால் அதுவரை சேர்ந்த ஓய்வூதிய சர்வீஸ் போய்விடும். பத்தாண்டு சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம் என்பதால் ஒன்பதாவது ஆண்டில் எடுத்தவர் திரும்பவும் முதலிலிருந்து எண்ண வேண்டும். வேலை தொடர்கிறது என்றால் யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண் அதேதான், கணக்கை மாற்றினால் போதும். பணத்தைத் தொட வேண்டாம். பழைய முதலாளி வைத்த பி.எஃப். பாக்கிக்கு இருவருமே பொறுப்பு. வாங்கியவருடைய பொறுப்பு அவர் கைக்கு வந்த சொத்தின் மதிப்பு வரை.

புது ஆர்டரில் சேர்ந்த தேதி மாறினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிற 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கணக்கு, உங்கள் மில்லில் இன்னும் நிரந்தரமாகாத டாஃபர்களுக்கு (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றுபவர்கள்) அன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். தீபாவளி நெருங்கும்போது "இது புதுக் கம்பெனி, ஐந்து வருஷத்துக்குப் போனஸ் இல்லை" என்பார்கள். அது பொய். பெயரோ உரிமையாளரோ மாறியதால் மட்டும் ஒரு நிறுவனம் புதிது ஆகிவிடாது என்று போனஸ் பற்றிய சட்டமே விளக்கம் தருகிறது.

வங்கி ஏலம், திவால் தீர்ப்பாயம் வழியாக வரும் விற்பனைக்குக் கணக்கு வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லாததால் விட்டுவிடுகிறேன். குத்தகையை மட்டும் விட முடியாது. "விற்கவில்லை, குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறோம், அதனால் இந்தச் சட்டம் பொருந்தாது" என்று பல மில்களில் சொல்கிறார்கள். சட்டம் 'உரிமை அல்லது நிர்வாகம்' மாறுவதைச் சொல்கிறது. குத்தகையில் நிர்வாகம் மாறுகிறது, ஆகவே பொருந்தும். குத்தகை முடிந்து மில் பழையவர் கைக்குத் திரும்பினால் அதுவும் இன்னொரு கைமாற்றம்தான், சர்வீஸ் அங்கேயும் தொடர வேண்டும். ஆனால் கூலி நூற்பு என்பது வேறு. வெளி வியாபாரி பஞ்சைக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தந்து நூலை எடுத்துப் போனால் அங்கே எதுவும் கைமாறவில்லை, முதலாளி பழையவரேதான். சில இடங்களில் உள்ளே நடப்பது குத்தகை, வெளியே சொல்வது கூலி நூற்பு. வேறு சில இடங்களில் நேர்மாறு. எது என்று தெரிய சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். எண், தொழிற்சாலை உரிமத்தில் உள்ள பெயர், மின்கட்டண ரசீதில் உள்ள பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். சம்பளமும் வேலை உத்தரவும் யார் பெயரில் வருகிறதோ அவரைப் பிடியுங்கள்.

சங்கம் பற்றி. முதலாளி மாறினால் சங்கத்தின் பதிவு ரத்தாகாது. சங்கத்தின் பெயரில் பழைய மில்லின் பெயர் இருந்தாலும் அப்படித்தான். பெயரை நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சங்கத்தை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று இதுவரை சட்டம் இருந்ததில்லை. புதிய தொகுப்பில் இருக்கிறது. ஒரே சங்கம் என்றால், விதிகள் சொல்லும் தகுதிக்கு உட்பட்டு, அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். பல சங்கங்கள் இருந்தால் மஸ்டர் ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம். யாருக்கும் அது இல்லை என்றால் 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்த குழு. அங்கீகாரம் மூன்றாண்டு.

இன்று உங்களுக்கு 212-இல் 130, அதாவது 61 சதவீதம். புது நிர்வாகம் ஹாஸ்டலில் 60 பேரைக் கொண்டுவந்து மஸ்டர் ரோலில் ஏற்றி, அவர்களை வைத்தே ஒரு சங்கத்தையும் பதிவு செய்தால் மொத்தம் 272. உங்கள் 130 பேர் 48 சதவீதத்துக்கும் கீழே. 51-ஐத் தொட 139 பேர் வேண்டும். ஒன்பது பேரில் உரிமை போய்விடும். ஆகவே இன்றைய உறுப்பினர் பட்டியல், சந்தா ரசீது, இந்த மாத மஸ்டர் ரோல் விவரம் மூன்றையும் தேதியோடு பதிவு செய்து வையுங்கள். புதிதாக வருகிறவர்களைப் பகையாகப் பார்க்காமல் முதல் வாரத்திலேயே உறுப்பினராக்குங்கள்.

பொதுக்குழு கூட்டித் தீர்மானம் போட்டு, பழையவர், வாங்குபவர் இருவருக்கும் ஒப்புகையோடு தபாலில் கடிதம் அனுப்புங்கள். 2024 ஒப்பந்தம் தொடர்கிறது, 212 பேரின் சேர்ந்த தேதியோடு பட்டியல் வேண்டும், வேலைப்பளுவையோ ஷிப்டையோ மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தேவை, சங்கத்தோடு பேச நாள் குறிக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். நகல் திருநெல்வேலி சமரச அலுவலருக்கு. பழைய படிவமா புதிய படிவமா என்று அங்கே அலையவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதித் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். படிவம் தேடித் தருவது அவர்கள் வேலை. 12(3) ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிரயத் தேதி அதற்கு முன்னால் இருந்தால் காத்திருக்காமல் நேரில் போய்ச் சான்றிட்ட நகல் கேளுங்கள், இரண்டு பேராகப் போங்கள்.